சுருத அட்சரக் கணக்கும் ஏழு பகா எண்களும்

சுருத பஞ்சமி நன்னாளில் ஜினாலயங்களில் ஆகமச் சுவடிகளைப் பீடத்தில் எழுந்தருளச் செய்து அர்ச்சிப்பது திகம்பர மரபில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அன்று ஓதப்படும் சுருத பக்தியில் ஓர் எண் இடம்பெறுகிறது. துவாதசாங்க சுருதத்தின் பதங்கள் நூற்றுப் பன்னிரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து ஐம்பத்து எட்டாயிரத்து ஐந்து என்பதே அது. வாயால் ஓதிக் கைகூப்பும் பலருக்கு அந்த எண் ஒரு துதிச்சொல்லாகவே நின்றுவிடுகிறது. கோடிகளுக்கும் லட்சங்களுக்கும் பின்னால் அந்த ‘ஐந்து’ ஏன் வந்தது என்று கேட்பவர் சிலரே.

புகழ்ச்சிக்காகச் சொல்லப்படும் பேரெண்கள் முழுமையாக்கப்பட்டு வருவதே உலக வழக்கு. ‘ஆயிரம்’, ‘கோடி’ என்று முடியும். இந்த எண்ணோ கடைசி ஐந்தையும் விடவில்லை. காரணம், இது புகழ்ச்சியன்று. ஒரு வகுத்தல் கணக்கின் ஈவு. அந்தக் கணக்கைப் பின்தொடர்ந்து சென்றால், பதினேழாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியக் கணிதர்கள் தேடி அலைந்த சில பகா எண்கள் அதனுள்ளே வரிசையாக அமர்ந்திருப்பது தெரியவரும்.

ஆகமம் வகுத்த கணக்கு

கிர்நார் மலையின் சந்திரக் குகையில் தவமியற்றிய தரசேனாசாரியர், தம்மிடம் எஞ்சியிருந்த சுருத ஞானம் தம்மோடு மறைந்துவிடலாகாது என்று கருதிப் புஷ்பதந்தர், பூதபலி ஆகிய இரு முனிவர்களுக்கு அதை உபதேசித்தார் என்பது வரலாறு. கற்று முடித்தபின் புஷ்பதந்தர் வனவாசி நாட்டுக்கும், பூதபலி தமிழ் நாட்டுக்கும் சென்றனர் என்று வீரசேனாசாரியரின் ‘தவளா’ உரை கூறுகிறது. புஷ்பதந்தர் தொடக்கச் சூத்திரங்களை இயற்றி அனுப்ப, எஞ்சிய பெரும்பகுதியைப் பூதபலி இயற்றி முடித்தார். அந்நூலே ஷட்கண்டாகமம். அது நிறைவுற்று வழிபடப்பட்ட நாளே சுருத பஞ்சமி. அந்த வகையில் தமிழ்ச் சமணருக்கும் இந்நூலுக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது.

ஷட்கண்டாகமத்தின் ஐந்தாம் பகுதியான வர்க்கணா கண்டத்தில், சுருத ஞானத்தின் அட்சரங்களை எண்ணும் விதியைக் கூறும் கணிதக் காதை ஒன்று உண்டு. அதன் கருத்து இதுதான்: அறுபத்து நான்கு இடங்களில் இரண்டு இரண்டாக நிறுத்துக, அவற்றை ஒன்றோடொன்று பெருக்குக, வந்த தொகையில் ஒன்றைக் குறைக்க.

அறுபத்து நான்கு என்பது மூல எழுத்துகளின் தொகை. ஒன்பது உயிர்கள் குறில், நெடில், அளபெடை என மும்மூன்றாக விரிந்து இருபத்தேழு, மெய்கள் முப்பத்து மூன்று, யோகவாகங்கள் நான்கு. இவை தனித்தும் கூடியும் எத்தனை வகையாக நிற்கக்கூடும் என்பதே கேள்வி.

சிறிய அளவில் பார்த்தால் விதி எளிதில் விளங்கும். அ, இ, உ என மூன்று எழுத்துகள் மட்டும் இருப்பதாகக் கொள்ளலாம். தனித்து நிற்பவை 3, இரண்டிரண்டாகக் கூடுபவை 3, மூன்றும் கூடியது 1, ஆக 7. இதையே வேறு வழியிலும் காணலாம். ஒவ்வோர் எழுத்தும் கூட்டத்தில் சேரும், அல்லது சேராது; ஆகவே எழுத்துக்கு இரண்டு நிலைகள். மூன்று எழுத்துகளுக்கு 2×2×2 = 8. அவற்றுள் எந்த எழுத்துமே சேராத வெற்று நிலை ஒன்று. அதை நீக்கினால் 7. ஆகமம் ‘ஒன்றைக் குறைக்க’ என்று கூறியதன் காரணம் இதுவே.

அறுபத்து நான்கு எழுத்துகளுக்கு இவ்வாறே கணக்கிட்டால் தனித்து நிற்பவை 64, இரட்டைகள் 2,016, மும்மைகள் 41,664, இப்படியே விரிந்து, எல்லாம் சேர்ந்த தொகை:

1,84,46,74,40,73,70,95,51,615.

இருபது இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணே அபுனருக்த அட்சரங்களின், அதாவது மீண்டும் வாராத எழுத்துக் கூட்டங்களின் தொகை. ஒரு மத்தியம பதத்துக்கு 1,634 கோடியே 83 லட்சத்து 7 ஆயிரத்து 888 அட்சரங்கள் என்பது மரபு. முன்சொன்ன தொகையை இதனால் வகுத்தால் ஈவு 112,83,58,005, மீதி 8,01,08,175. ஈவு அங்கங்களின் பதத்தொகை ஆயிற்று. ஒரு பதத்துக்குப் போதாமல் எஞ்சிய எட்டுக் கோடியே ஒரு லட்சத்து எட்டாயிரத்து நூற்று எழுபத்தைந்து அட்சரங்கள் அங்கபாகியத்துக்கு உரியவை ஆயின. இந்தப் பெருக்கலையும் வகுத்தலையும் இன்று எவரும் சரிபார்க்கலாம். ஓர் இலக்கமும் பிசகவில்லை.

இரண்டின் வர்க்கத் தாரை

பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி, சிரவணபெளகொளவில் கோமடேசுவரர் திருவுருவை நிறுவிய சாமுண்டராயரின் குரு. அவர் இயற்றிய ‘திரிலோகசாரம்’ எண்களைப் பதினான்கு தாரைகளாக, அதாவது தொடர்களாக வகுத்துக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று துவிரூப வர்க்கதாரை. இரண்டில் தொடங்கி, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கிக்கொண்டே செல்வது இது.

இரண்டின் வர்க்கம் 4. அதன் வர்க்கம் 16. அதன் வர்க்கம் 256. அடுத்தது 65,536; இதற்குப் ‘பண்ணட்டி’ என்று பெயர். அதன் வர்க்கம் 4,29,49,67,296, இது ‘பாதால்’. அதன் வர்க்கம் இருபது இலக்கங்கள் கொண்ட ‘ஏகட்டி’. பிராகிருதத்தில் அறுபத்தைந்து, நாற்பத்திரண்டு, ஒன்று-எட்டு என்னும் சொற்களிலிருந்து இப்பெயர்கள் வந்தன. ஒவ்வோர் எண்ணின் தொடக்க இலக்கங்களே அதன் பெயராயின. நீண்ட எண்ணை நினைவில் நிறுத்த இதைவிடச் சுருக்கமான வழி அரிது.

ஏகட்டியில் ஒன்று குறைந்தால் கிடைப்பதே சுருத அட்சரத் தொகை. சதுரங்கக் கட்டங்களில் தானியத்தை இரட்டித்து வைக்கும் பழங்கதையில் வரும் எண்ணும் இதுவே. ஆனால் அக்கதை வியப்பூட்டுவதற்காகச் சொல்லப்பட்டது; ஆகமக் கணக்கோ எழுத்துகளின் கூட்டங்களை முறைப்படி எண்ணியதால் விளைந்தது.

ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதற்குத் தவளா உரையில் ‘அர்த்தச்சேதம்’ என்று பெயர். பண்ணட்டியின் அர்த்தச்சேதம் 16, பாதாலின் அர்த்தச்சேதம் 32, ஏகட்டியினது 64. இக்காலக் கணிதம் இதை இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை என்று அழைக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வீரசேனர் இக்கருத்தை விதிகளோடு கையாண்டிருப்பதை, லக்னோ பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் அவதேஷ் நாராயண் சிங் தவளா பதிப்பின் நான்காம் தொகுதியில் எழுதிய கட்டுரையால் அறிஞர் உலகம் அறிந்தது.

தொகைக்குள் ஒளிந்திருக்கும் பகா எண்கள்

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 போன்றவை அத்தகையன. மற்ற எல்லா எண்களும் பகா எண்களைப் பெருக்குவதால் உண்டாகின்றன. சுருத அட்சரத் தொகை எந்தப் பகா எண்களால் ஆனது?

இருபது இலக்க எண்ணைக் காரணிப்படுத்துவது பொதுவாக மிகக் கடினமான வேலை. இங்கோ வர்க்கத் தாரையே வழிகாட்டுகிறது. ஒரு வர்க்கத்தில் ஒன்றைக் குறைத்தால், அது வர்க்கமூலத்தில் ஒன்று குறைந்ததும் ஒன்று கூடியதுமான இரு எண்களின் பெருக்கலாகும்; 16 − 1 = 3 × 5 என்பது போல. ஏகட்டி பாதாலின் வர்க்கம். எனவே அட்சரத் தொகை, பாதாலில் ஒன்று கூடியதையும் ஒன்று குறைந்ததையும் பெருக்கியதற்குச் சமம். ஒன்று குறைந்த அந்தப் பாதாலும் அவ்வாறே பண்ணட்டியைக் கொண்டு பிரியும். இப்படியே படிப்படியாக இறங்கினால் முடிவில் கிடைப்பது:

3 × 5 × 17 × 257 × 65,537 × 4,29,49,67,297.

இந்த ஆறும் வேறெவையும் அல்ல; துவிரூப வர்க்கதாரையின் 2, 4, 16, 256, பண்ணட்டி, பாதால் ஆகிய ஆறு உறுப்புகளோடும் ஒவ்வொன்று கூட்டிய எண்களே அவை. தாரையின் உறுப்புகள் யாவும் ஒன்றுகூடி, ஒவ்வொன்றும் ஒன்றை ஏற்று, சுருதத் தொகையை ஆக்குகின்றன.

பெர்மாவின் ஊகமும் ஆய்லரின் விடையும்

1640-இல் பிரான்சு நாட்டு பியர் டி பெர்மா இதே எண்களை வேறொரு வழியில் வந்தடைந்தார். 3, 5, 17, 257, 65,537 ஆகியவை பகா எண்களாக இருக்கக் கண்டு, இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று கருதினார். ஆனால் அதற்கு மெய்ப்பு அவரிடம் இல்லை. அடுத்த எண்ணாகிய 4,29,49,67,297-ஐ அக்காலத்தில் சோதித்து முடித்தவர் யாருமில்லை.

1732-இல் லியோனார்டு ஆய்லர் அந்த எண் 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். 641 × 67,00,417 = 4,29,49,67,297. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் நின்ற ஊகம் ஒரே பெருக்கலில் வீழ்ந்தது.

ஆய்லர் குருட்டாம்போக்கில் தேடவில்லை. இத்தகைய எண்ணுக்குக் காரணியாகும் பகா எண், குறிப்பிட்ட ஓர் எண்ணின் மடங்கில் ஒன்று கூடியதாகவே இருக்கும் என்று அவர் நிறுவினார். பாதாலை அடுத்த எண்ணுக்கு அது 64-இன் மடங்கு. அவ்வாறு வரும் எண்களுள் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641 என்று செல்லும். ஐந்தாவது சோதனையிலேயே விடை கிடைத்துவிடுகிறது. இங்கே வரும் 64-ஐ அறுபத்து நான்கு எழுத்துகளோடு முடிச்சிடுதல் கூடாது. பாதாலின் அர்த்தச்சேதமாகிய 32-இன் இரட்டிப்பே அது.

அதே முறை 65,537-க்கு இன்னும் எளிது. அதன் காரணி 32-இன் மடங்கில் ஒன்று கூடிய பகா எண்ணாக இருக்க வேண்டும். 65,537-இன் வர்க்கமூலமாகிய 256-ஐ ஒட்டிய அளவுக்குள் தேடினால் போதும். அந்த எல்லைக்குள் தகுதி பெறுபவை 97, 193 என்னும் இரண்டே. 97-ஆல் வகுத்தால் மீதி 62. 193-ஆல் வகுத்தால் மீதி 110. ஆகவே 65,537 பகா எண். பள்ளி மாணவர் ஒருவர் தாளில் இரண்டு வகுத்தல்கள் செய்து இதனை உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

67,00,417-உம் பகா எண்ணே. ஆக, சுருத அட்சரத் தொகையின் முழுமையான பகாக் காரணிகள் ஏழு: 3, 5, 17, 257, 641, 65,537, 67,00,417. ஒவ்வொன்றும் ஒரே முறை வருகிறது.

இவற்றுள் 3, 5, 17, 257, 65,537 ஆகிய ஐந்தும் ‘பெர்மா பகா எண்கள்’ எனப்படும். 1796-இல் பதினெட்டு வயது நிரம்பிய கார்ல் பிரெடரிக் காஸ், கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு பதினேழு பக்கங்களுள்ள ஒழுங்கு பலகோணத்தை வரைய இயலும் என்று நிறுவினார். பகா எண்ணளவான பக்கங்களைக் கொண்ட பலகோணத்தை அவ்வாறு வரைய வேண்டுமானால் அந்த எண் பெர்மா பகா எண்ணாக இருத்தல் வேண்டும். யோகான் ஹெர்மஸ் என்னும் ஜெர்மானியர் 65,537 பக்கங்கள் கொண்ட பலகோணத்தின் அமைப்பைக் கணக்கிடப் பத்தாண்டுகள் உழைத்தார். அவருடைய கையெழுத்துப் படி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று சேர்ந்தது.

தாரையில் ஏகட்டியை அடுத்த எண்ணும் பகா எண்ணன்று. 1880-இல் பார்சூன் லாந்திரி அதை 2,74,177 என்றும் 6,72,80,42,13,10,721 என்றும் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். பின்னது பதினான்கு இலக்கங்கள் கொண்ட பகா எண். பாதால் தொடங்கித் தாரையின் இருபத்தெட்டு உறுப்புகளுக்கு, ஒன்று கூட்டினால் பகா எண் கிடைப்பதில்லை என்பது இன்று அறுதியாகியுள்ளது. பெர்மா பகா எண்கள் என்று இன்றளவும் அறியப்பட்டவை அந்த ஐந்து மட்டுமே. அந்த ஐந்தும் ஒருங்கே சுருத அட்சரத் தொகையைச் சரியாக வகுக்கின்றன.

சொன்னதும் சொல்லாததும்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஆசாரியர்கள் பெர்மா பகா எண்களை அறிந்திருந்தனர் என்றோ, இக்காலக் கணினியியல் முழுவதும் ஆகமத்தில் உள்ளது என்றோ கூறுவது எளிது. விழா மேடைகளில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது உண்மையன்று. திரிலோகசாரம் பண்ணட்டியைச் சொன்னது. பண்ணட்டியை அடுத்த எண் பகா எண் என்று சொல்லவில்லை. ஷட்கண்டாகமம் அட்சரத் தொகைக்கு விதி வகுத்தது; அதைக் காரணிப்படுத்தவில்லை. அதற்கான தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. சுருதத்தின் அளவை அறிதலே அவர்கள் நோக்கம்.

அவர்கள் உண்மையாகவே செய்தவை போதுமான பெருமை உடையவை. எழுத்துகளின் கூட்டங்களை எண்ணும் விதியைப் பொதுவாக வகுத்தனர். வர்க்கத் தாரையின் உறுப்புகளுக்குப் பெயரிட்டனர். மடக்கைக் கருத்தை வேறு பெயரில் கையாண்டனர். எண்ணத்தக்கது, எண்ணலாகாதது, முடிவற்றது என்று எண்களையே தரம் பிரித்தனர். அந்தத் தரப்பிரிவின்படி இருபது இலக்கங்கள் கொண்ட சுருதத் தொகை எண்ணத்தக்க எண்ணே. அனந்தம் என்று அதைச் சொல்லவில்லை. கேவல ஞானத்தின் முன் சுருத ஞானம் எல்லைக்குட்பட்டது என்னும் சித்தாந்தத்தை இந்த எண் தன் முடிவுள்ள இலக்கங்களாலேயே காட்டுகிறது.

சமணக் கணிதம் ஆகம நூல்களோடு நின்றதுமில்லை. ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மகாவீராசாரியர் ‘கணிதசார சங்கிரகம்’ இயற்றினார். பின்னங்களைக் கூட்டுவதற்கு மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தும் முறையை ‘நிருத்தம்’ என்னும் பெயரில் அது விளக்குகிறது. அந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-இல் அச்சேற்றியது சென்னை அரசாங்க அச்சகம். பதிப்பித்தவர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியர். எண்களின் இயல்புகளில் உலகப் புகழ் பெறவிருந்த சீனிவாச ராமானுஜன் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

சுவடியைக் காத்த இலக்கங்கள்

நேமிசந்திரரின் ‘கோமடசாரம்’ ஜீவகாண்டத்தில் ஒரு காதை அட்சரத் தொகையின் இருபது இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லால் வரிசைப்படுத்துகிறது. இடையில் இருமுறை வரும் சுழியமும் தனிச் சொல்லாகவே கூறப்படுகிறது. எண்ணைக் குறியாக எழுதினால் ஏடு பெயர்த்தெழுதுவோர் கை பிசகலாம். சொல்லாகக் காதையில் கட்டினால் சந்தம் அதைக் காக்கும். அதற்கும் மேலாக, ‘இரண்டை அறுபத்து நான்கு இடத்தில் நிறுத்துக’ என்ற விதி இருக்கிறது. இலக்கம் சிதைந்தாலும் விதியிலிருந்து தொகையை மீண்டும் பெறலாம்.

பகாக் காரணிகள் மூன்றாவது காவலாக அமைந்திருக்கின்றன. இதை ஆசாரியர்கள் திட்டமிட்டதாகக் கூற இடமில்லை, எண்ணின் இயல்பே அப்படி. சுருதத் தொகை 17-ஆல் மீதியின்றி வகுபடும், ஈவு 10,85,10,25,92,57,11,50,095. இருபது இலக்கங்களுள் எந்த ஒன்றேனும் தவறாக எழுதப்பட்டால் அந்த வகுத்தலில் கட்டாயம் மீதி வரும். ஓர் இலக்கத்தின் பிழையால் உண்டாகும் வேறுபாடு, ஒன்று முதல் ஒன்பதுக்குட்பட்ட ஓர் எண்ணைப் பத்தின் அடுக்கால் பெருக்கியதாகவே இருக்கும். அத்தகைய பெருக்கத்தை 17 ஒருபோதும் வகுக்காது. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினாலும் இதே சோதனை காட்டிக்கொடுத்துவிடும். அச்சுப் பிழை மலிந்த நூலொன்றில் இந்த எண்ணைக் காணும் எவரும், மூலச் சுவடியைத் தேடிச் செல்லாமலே, ஒரு வகுத்தலால் அதன் செம்மையைப் பரிசோதிக்கலாம்.

இந்தச் செம்மைக்கு எவ்வளவு விலை கொடுக்கப்பட்டது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். தவளா உரையோடு கூடிய ஷட்கண்டாகமத்தின் பழைய பனையோலைச் சுவடிகள் மூடபித்ரியில் மட்டுமே எஞ்சின. நூற்றாண்டுகளாக அவை தரிசனத்துக்கு உரியனவாக இருந்தனவே தவிர, படிப்பதற்கு உரியனவாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் பணி தொடங்கியது. ஹீராலால் ஜைன் தலைமையில் 1939 முதல் பதினாறு தொகுதிகளாக அச்சில் வெளிவந்தபோதுதான் உலகம் அதனைக் கண்டது. சுவடிகளைக் காத்தோர் செய்த பணிக்கு நிகராகப் படியெடுத்தோரும் பதிப்பித்தோரும் செய்த பணியும் சுருத சேவையே.

பெரும்பாக்கத்திலிருந்து பார்க்கையில்

தென்சென்னையின் பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய வளாகம் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சமணச் சான்றோர் பங்களிப்பால் செழித்த பழந்தமிழ் நூல்களும் அங்கே ஆராயப்படுகின்றன. அடுத்துள்ள சோழிங்கநல்லூரில் கணினி நிறுவனங்கள் நிறைந்திருக்கின்றன. சிற்றூர்களை விட்டு இப்பகுதிகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு ஒரு பக்கம் ஆகமமும் தமிழும். மறுபக்கம் கணினித் தொழில். இவை இரண்டும் தொடர்பற்றவை என்று தோன்றக்கூடும். பண்ணட்டிக்கு அடுத்த எண் அவ்விரண்டையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கிறது.

1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மேன் ஆகிய மூவர் வகுத்த மறையாக்க முறை இணையப் பாதுகாப்பின் அடித்தளங்களுள் ஒன்று. அதில் ஒவ்வொரு திறவுகோலுக்கும் ஏறத்தாழ 308 இலக்கங்கள் கொண்ட இரு பகா எண்களைப் பெருக்கி 617 இலக்க எண் ஒன்றை ஆக்குவது இன்றைய வழக்கம். பெருக்குவது நொடிப்பொழுது வேலை. பெருக்கியதைப் பிரிப்பது இன்றுள்ள கணினிகளுக்கும் எட்டாதது. அட்சரத் தொகைக்கு வர்க்கத் தாரை வழிகாட்டியது போல அந்த 617 இலக்க எண்ணுக்கு வழிகாட்ட எதுவும் இல்லை. அதுவே அதன் பாதுகாப்பு.

அம்முறையில் செய்தியை மறைக்கப் பயன்படும் வெளிப்படை அடுக்காகப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படும் எண் 65,537. ஓர் எண்ணைப் பதினாறு முறை வர்க்கித்து, இறுதியில் ஒரே ஒரு முறை மூல எண்ணால் பெருக்கினால் 65,537-ஆம் அடுக்கு கிடைத்துவிடும். பதினாறு என்பது பண்ணட்டியின் அர்த்தச்சேதம். அடுத்துள்ள ஒன்றே அந்தக் கடைசிப் பெருக்கல். பகா எண்ணாக இருப்பதால் திறவுகோலுக்கு அது பொருந்துமா என்று சோதிப்பதும் எளிது. துவிரூப வர்க்கதாரையில் ஆசாரியர் செய்தது போலவே, கணினியும் வர்க்கத்தை வர்க்கித்துக்கொண்டே போகிறது.

இத்தனை பெரிய எண் பகா எண்தானா என்று அறிவதிலும் இந்தியர் பங்கு உண்டு. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர், எந்த எண்ணையும் பகா எண்ணா அன்றா என்று ஐயத்துக்கு இடமின்றி, பல்லுறுப்புக்கோவைக் கால வரம்புக்குள் முடிவு செய்யும் முறையைக் கண்டறிந்தனர். அகர்வால் 1990-களில் சென்னையில் ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தின் கணிதப் பள்ளியில் பணியாற்றியவர். அப்பள்ளியே வளர்ந்து சென்னை கணிதவியல் கழகமாகிப் பெரும்பாக்கத்துக்குத் தெற்கே சிறுசேரியில் இயங்குகிறது.

‘இரண்டைப் பல இடத்தில் நிறுத்திப் பெருக்கி ஒன்றைக் குறைக்க’ என்ற அதே வடிவில்தான் இன்றைய மிகப்பெரும் பகா எண்களும் தேடப்படுகின்றன. மூன்று எழுத்துகளுக்கு வந்த 7 பகா எண். நான்கிற்கு வரும் 15 அவ்வாறன்று. எழுத்துகளின் தொகை பகா எண்ணாக இருந்தால் மட்டுமே விளைவும் பகா எண்ணாகக்கூடும், அப்போதும் உறுதியில்லை. 64 பகு எண்ணாதலால் சுருதத் தொகையும் பகு எண்ணாயிற்று. மூன்று எழுத்து குறைந்து 61 ஆனால் கிடைப்பது 23,05,84,30,09,21,36,93,951. அது பகா எண் என்பதை ருஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் 1883-இல் காட்டினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மிகப்பெரிய பகா எண்ணோ இரண்டை 13,62,79,841 இடங்களில் நிறுத்திப் பெருக்கி ஒன்றைக் குறைத்தது. அதன் இலக்கங்கள் மட்டும் 4,10,24,320.

எஞ்சியது கணக்கு

மரபின்படி துவாதசாங்கத்தின் பெரும்பகுதி காலப்போக்கில் மறைந்துவிட்டது. தரசேனர் காத்தளித்தது அதன் ஒரு துளியே. நூற்றுப் பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட பதங்களுள் இன்று ஓதப்படுவது எவ்வளவு சிறிது என்று எண்ணும்போது துயரம் உண்டாவது இயல்பு. ஆனால் இழந்தது எவ்வளவு என்பதைக் கடைசி ஐந்து வரை, மீதியின் கடைசி அட்சரம் வரை கணக்காகக் காத்த மரபு உலகில் வேறு எங்கே உள்ளது என்று தேடித்தான் காண வேண்டும்.

அந்தக் கணக்கைக் கற்காமல் ஓதுவது அதன் பாதியை இழப்பதாகும்; கணக்கில் இல்லாததை ஏற்றிச் சொல்வது மறுபாதியையும் இழப்பதாகும். மிகையுமின்றிக் குறையுமின்றி உள்ளதை உள்ளவாறு அறிதலே சம்யக் ஞானம் என்பது சித்தாந்தம். சுருத பஞ்சமியன்று ஏட்டின் முன் அட்சதை இடும் பெரியோர், இல்லத்துப் பிள்ளைகளிடம் ஒரு தாளையும் எழுதுகோலையும் தந்து, இருபது இலக்கங்களையும் எழுதச் சொல்லிப் பதினேழால் வகுக்கச் செய்யலாம். மீதி சுழியமாக வரும் அந்தக் கணத்தில், எங்கோ ஒரு குகையில் தொடங்கி ஓலையிலும் அச்சிலும் பிழையின்றி வந்து சேர்ந்த ஓர் எண்ணை அந்தப் பிள்ளையின் கையும் பிழையின்றி ஏற்றுக்கொண்டதாக ஆகும். அதுவும் சுருத பூஜையே.